"வயசானா அப்படித்தானுங்க" என்கிறார்கள். டாக்டரிடமும் நர்ஸிடமும் எப்படித்தான் பேசுவது?

கேள்வி (கோபிசெட்டிபாளையம் பக்கத்து வாசகி), 08.06.2025

அப்பாவுக்கு 81 வயது. நெஞ்சுச் சளி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து ஐந்து நாள் ஆகிறது. முந்தாநாள் ராத்திரியிலிருந்து ஆள் மாறிப்போய்விட்டார். என்னைத் தன் அக்கா என்கிறார், ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்குகிறார். நர்ஸிடம் சொன்னால் "வயசானா அப்படித்தானுங்க, வீட்டுக்குப் போனா சரியாயிரும்" என்கிறார். டாக்டர் காலையில் இரண்டு நிமிடம் வந்து போகிறார். என்ன கேட்பது என்றே தெரியவில்லை. வீட்டு ஆட்கள் சொல்வதை இவர்கள் காதில் வாங்கவே மாட்டார்களா?

08.06.2025, இரவு 9.40

முதலில் இதைச் செய்யுங்கள், மற்றதை அப்புறம் படிக்கலாம். விடியும் வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே டூட்டி டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள். "குழப்பமா இருக்கிறார்" என்று சொல்லாதீர்கள். "வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை தானே பேப்பர் படித்தார், ராத்திரி பத்து மணிக்கு மேல் இப்படி ஆனார், இது அவர் வழக்கமே இல்லை" என்று, உங்கள் அப்பாவுக்குப் பொருந்துகிற மாதிரி, நாளும் நேரமும் வைத்துச் சொல்லுங்கள்.

ஒரே ராத்திரியில் வருகிற குழப்பம் மறதி நோய் இல்லை. மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெதுவாக வரும். இது டெலிரியம். நம் பெரியவர்கள் சன்னி என்பார்களே, அதுதான். பகலில் தெளிவாக இருந்துவிட்டு ராத்திரி கலங்குவார்கள், மறுபடி தெளிவார்கள். சளித் தொற்று, மூத்திரத் தொற்று, ரத்தத்தில் சோடியம் என்கிற உப்பு குறைவது, சர்க்கரை இறங்குவது, மூத்திரம் கட்டிக்கொள்வது, மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த மாத்திரை என்று பின்னால் ஒரு காரணம் இருக்கும். அதைத் தேட வேண்டும். "காரணம் என்னன்னு பார்த்தீங்களா சார்?" என்று கேளுங்கள்.

08.06.2025, இரவு 10.30

இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், போன வருடம் எங்கள் அம்மாவுக்கு நடந்தது.

அம்மாவுக்கு 78. மூலனூர்ப் பக்கம் தோட்டம், முருங்கை போட்டிருக்கிறோம். காய் பறிக்கிற நாளில் எத்தனை கட்டு, என்ன எடை, வியாபாரி எவ்வளவு பாக்கி என்று தாள் இல்லாமலே சொல்லுவார். ஆடிப் பதினெட்டுக்குக் கொடுமுடி போய் ஆற்றில் முங்கிவிட்டு வந்தார். மூன்று நாள் கழித்து நடுராத்திரி எழுந்து உட்கார்ந்துகொண்டு, இறந்து பன்னிரண்டு வருடமான எங்கள் அய்யனுக்குச் சோறு போடச் சொன்னார். கை போர்வை நூலைப் பிய்த்துக்கொண்டே இருந்தது.

விடியக்காலம் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். "கொஞ்சம் குழப்பமா பேசறாங்க சார், வயசு 78" என்றேன். வயதையும் குழப்பத்தையும் நானே ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒன்றரை நாள், வார்டில் எல்லோருக்கும் அம்மா ஒரு மறதி நோயாளி. கட்டிலில் கையைத் துணியால் கட்டினார்கள். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் சாயங்காலம் டூட்டி மாறி வந்த வயதான நர்ஸ் ஒருவர், ஊசி போட்டுக்கொண்டே கேட்டார்: "பாட்டி போன வாரம் எப்படி இருந்தாங்க?"

அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி. முருங்கைக் கணக்கைச் சொன்னேன். கொடுமுடி போனதைச் சொன்னேன். அவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு டாக்டரை அழைக்கப் போனார். ரத்தம் எடுத்தார்கள். சோடியம் 118. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை.

09.06.2025, காலை 6.20

ராத்திரி எழுதியதைப் படித்துவிட்டு, "நர்ஸுகளே இப்படித்தான், மனசாட்சி இல்லாதவர்கள்" என்று கரூர்க்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தக் கேள்வியைக் கேட்டதும் ஒரு நர்ஸ்தானே ஐயா. அந்த வார்டில் ராத்திரி ஒரே ஒரு நர்ஸ். நான் எண்ணிப் பார்த்தேன், 34 கட்டில். ஒரு கட்டிலுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் ஒரு சுற்றுக்கு மூன்று மணி நேரம் ஆகிவிடும். "வயசானா அப்படித்தான்" என்பது பல நேரம் அசதியில் வாயில் வருகிற பேச்சு. ஆனால் அந்தப் பேச்சால் தேடல் நின்றுபோகிறது. எனக்கு அதுதான் பயம்.

09.06.2025, மதியம்

விட்டுப்போனது ஒன்று. சோடியம் 118 என்று தெரிந்த பிறகும் நான்கு நாள் மெதுவாகத்தான் ஏற்றினார்கள். பணம் பிடுங்கத்தான் இழுக்கிறார்கள் என்று நானும் அண்ணனும் வராந்தாவில் நின்று பேசாத பேச்சில்லை. வேகமாக ஏற்றினால் மூளைக்கே ஆபத்து, அதனால்தான் அளந்து அளந்து ஏற்றுகிறார்கள் என்பது டிஸ்சார்ஜ் அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் நாளே அதை ஒரு வரியில் சொல்லியிருந்தால் நான்கு ராத்திரி தூங்கியிருப்போம். "ஏன் சார் மெதுவா?" என்று நாங்களும் கேட்கவில்லை. கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம்.

11.06.2025

ஒரு திருத்தம். இதை எழுத மூன்று நாள் யோசித்தேன்.

முதல் நாள் நான் எழுதியதைப் படித்தால், தப்பெல்லாம் ஆஸ்பத்திரி மேல் என்று தோன்றும். சோடியம் ஏன் இறங்கியது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை பல வருடமாக உண்டு. காங்கேயத்தில் பார்க்கிற டாக்டர் எழுதியது. வைகாசியில் அண்ணன் திருப்பூருக்கு அழைத்துப்போய் வேறு டாக்டரிடம் காட்டினான். அவர் "என்ன மாத்திரை சாப்பிடறாங்க?" என்று கேட்டதற்கு "பிரஷர் மாத்திரை சார், சின்னதா வெள்ளையா இருக்கும்" என்றிருக்கிறான். அவர் புதிதாக எழுதிக் கொடுத்தார். பழையதை நிறுத்தச் சொன்னாரா இல்லையா என்று அண்ணனுக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. அம்மா இரண்டையும் சாப்பிட்டார். பெயர் வேறு, கம்பெனி வேறு. இரண்டிலுமே நீர் பிரிய வைக்கிற மருந்து கலந்திருந்தது. வயதானவர்களுக்குச் சோடியத்தை இறக்கிவிடும் என்று பெயர் எடுத்த மருந்து அது. இரண்டு மாதம் இரண்டு பங்காக உள்ளே போயிருக்கிறது.

அட்டைகள் எல்லாம் வீட்டில் ஆணியில் தொங்கிய மஞ்சப்பையில் இருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஃபிளாஸ்க், போர்வை, தட்டம் எல்லாம் எடுத்தோம். அந்தப் பையை மட்டும் எடுக்கவில்லை.

அதனால் "வீட்டு ஆட்கள் சொல்வதைக் கேட்க மாட்டார்களா" என்கிற கேள்விக்கு முன்னால் இன்னொன்றும் இருக்கிறது. நாம் சொல்ல வேண்டியதைச் சொன்னோமா? சர்க்கரைக்கு ஊரில் அரைத்துக் குடிக்கிற சாறு, மூட்டுக்கு மெடிக்கலில் கேட்டு வாங்குகிற வலி மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த தூக்க மாத்திரை, எல்லாமே அந்தப் பையில்தான் வர வேண்டும். டாக்டர் திட்டினால் திட்டட்டும்.

12.06.2025

கோபி வாசகியின் பதில் வந்திருக்கிறது. அவர் அப்பாவுக்கு மூத்திரம் கட்டியிருந்திருக்கிறது. அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் குழாய் போட்டதும் ஒரு லிட்டருக்குப் பக்கம் வந்ததாம். அன்று ராத்திரியே தூங்கினாராம். அவர் அம்மா, சளிக்கென்று மெடிக்கலில் வாங்கிய மாத்திரையை ஆஸ்பத்திரியிலும் தினம் ராத்திரி யாருக்கும் தெரியாமல் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். தூக்கம் வர வைக்கிற பழைய சளி மாத்திரைகள் வயதான ஆண்களுக்கு மூத்திரத்தைக் கட்டும், புத்தியையும் கலக்கும். அந்த அம்மாவை யாரும் ஏச வேண்டாம். ஐம்பது வருடம் அவர்தானே வைத்தியம் பார்த்தார்.

15.06.2025

இன்று வார்த்தைகளைப் பற்றி.

எங்கள் அம்மா எதற்கும் "மேலுக்குச் சடவா இருக்குது" என்பார். எங்களுக்கு அது புரியும். உடம்பு அசந்து, அடித்துப் போட்ட மாதிரி, எழுந்திருக்க மனசில்லாமல் இருப்பது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த சின்ன டாக்டருக்குப் புரியவில்லை. "சளியா பாட்டி?" என்றார். சளிக்கு மருந்து எழுதியே விட்டார். நல்லவேளை நான் பக்கத்தில் இருந்தேன்.

அதைவிட ஆபத்தான வார்த்தை "மயக்கம்". தலை கிறுகிறுத்தாலும் மயக்கம் என்கிறோம், நினைவு தப்பிக் கீழே விழுந்தாலும் மயக்கம் என்கிறோம். டாக்டருக்கு இரண்டும் வேறு வேறு தேடல். நினைவு தப்பினால் இதயத் துடிப்பை முதலில் பார்ப்பார்கள். கிறுகிறுப்பு என்றால் காது, பிரஷர், சர்க்கரை என்று போகும். அதனால் "நினைவு தப்பிச்சு, கூப்பிட்டதுக்கு ஒரு நிமிசம் பதில் இல்லை" என்றோ, "நினைவு இருந்தது, சுத்துச்சு" என்றோ பிரித்துச் சொல்லுங்கள்.

"இழுப்பு" அப்படித்தான். மூச்சு இழுப்பா, கை கால் இழுப்பா? "வாய்வு" இன்னும் மோசம். நெஞ்சு, முதுகு, வயிறு, எங்கே என்ன செய்தாலும் நமக்கு வாய்வுதான். வயதானவர்களுக்கு, அதிலும் சர்க்கரை இருக்கிறவர்களுக்கு, மாரடைப்பு நெஞ்சு வலியே இல்லாமல் வரலாம். வேர்வை, மூச்சு வாங்குவது, குமட்டல், திடீர் அசதி, இவ்வளவுதான் தெரியும். எங்கள் சித்தப்பாவுக்குச் சோடாவும் இஞ்சியும் கொடுத்து நாலு மணி நேரத்தை விட்டோம். அப்படி வந்தால் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, கேட்கிறவரிடம் "வாய்வு" என்று சொல்லாமல் என்ன செய்கிறது, எப்போதிருந்து என்பதை மட்டும் சொல்லுங்கள்.

15.06.2025, இரவு

பவானிக்காரர் சேர்த்தது: "சோறு உங்கல" (சாப்பிடவில்லை) என்றால் பசியில்லையா, முழுங்க முடியவில்லையா, பல் செட் பொருந்தவில்லையா என்று மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ரொம்பச் சரி.

19.06.2025

எங்கள் வீதியில் ஓய்வு பெற்ற நர்ஸ் அக்கா ஒருவர் இருக்கிறார். 34 வருடம் வார்டு பார்த்தவர். இந்த இழையைப் படித்துக் காட்டினேன். "கண்ணு, நாங்க டாக்டருக்குப் போன் பண்றப்ப எப்படிச் சொல்லோணும்னு எங்களுக்கே சொல்லிக் குடுத்திருக்காங்க. அதையே நீயும் சொல்லு" என்றார்.

நாலு வாக்கியம். இப்போது என்ன நடக்கிறது. இதற்கு முன் எப்படி இருந்தார், என்ன வியாதி, என்ன மாத்திரை. எனக்கு என்னவென்று தோன்றுகிறது. நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறேன். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் அவசரச் செய்தி சொல்ல வைத்திருந்த முறையாம் இது. அங்கிருந்து ஆஸ்பத்திரிகளுக்கு வந்திருக்கிறது. அக்கா அதைக் காங்கேயத்துத் தமிழில் சொன்னார்: "என்ன, எப்படி இருந்தாங்க, என்ன நெனைக்கறேன், என்ன வேணும்."

நான்காவதைத்தான் நாம் சொல்வதில்லை. அழுவோம், கையெடுத்துக் கும்பிடுவோம், "பார்த்துச் செய்யுங்க சார்" என்போம். "சோடியமும் சர்க்கரையும் இன்னிக்கே பார்க்க முடியுமா?" என்று கேட்க மாட்டோம். கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்றே வளர்ந்திருக்கிறோம்.

22.06.2025

"சத்தம் போட்டால்தான் வேலை நடக்கும்" என்று கரூர்க்காரர் மறுபடியும். நான் போட்டுப் பார்த்தவள். கையைக் கட்டும்போது பார்த்துக்கொண்டு நின்றேன், அப்புறம் தாங்காமல் அந்த முதல் நாள் நர்ஸிடம் வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். அதன் பிறகு ஊசி நேரம் தவிர எங்கள் கட்டில் பக்கம் ஒருவரும் வரவில்லை. மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு என் மகள் வயது. "காலைல இருந்து ஒண்ணுமே உங்கலீங்கம்மா" என்றது.

இன்னொரு பக்கம், எங்கள் வீட்டுக் குளறுபடி. காலையில் டாக்டர் வரும்போது நான் இருந்தால் "சாப்பிட்டாங்க" என்பேன். மத்தியானம் நங்கை, அண்ணன் மனைவி, "ஒரு வாய்கூட இறங்கல" என்பார். ராத்திரி அண்ணன் "வீட்டுக்கு அனுப்பிருங்க" என்பான். நடுவில் ஒரம்பரை, சொந்தக்காரர்கள், வந்து பெங்களூருக்குக் கொண்டுபோகலாமா என்று டாக்டரையே கேட்டார்கள். அவர் யார் சொல்வதை நம்புவார்?

மூன்றாம் நாள் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்தோம். யார் இருந்தாலும் எழுத வேண்டும்: எவ்வளவு சாப்பிட்டார், மூத்திரம் எத்தனை தடவை, தூங்கினாரா, டாக்டர் என்ன சொன்னார். டாக்டரிடம் பேசுவது நான் ஒருத்தி மட்டும். வீட்டு ஆட்கள் தங்கள் கேள்வியை நோட்டில் எழுதிவிட வேண்டும். நாலாம் நாள் அந்த டாக்டரே நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

29.06.2025

அம்மாவுக்கு இடது காது கேட்காது. கட்டில் சுவரோரம், வலது காது சுவர்ப் பக்கம். வருகிறவர்கள் எல்லாம் செவிட்டுக் காதில் பேசிவிட்டு, பதில் வராததால் "புரிஞ்சுக்க மாட்டேங்கறாங்க" என்று எழுதிவிட்டுப் போனார்கள். கண்ணாடியும் பல் செட்டும் என் கைப்பையில் பத்திரமாக இருந்தன. தொலைந்துவிடக் கூடாதாம். கண் தெரியாமல், காது கேட்காமல், பல் இல்லாமல், எந்த ஊர் என்று தெரியாத அறையில், ராத்திரியும் விளக்கு எரிந்தால் யாருக்குத்தான் புத்தி தெளியும்? கண்ணாடி போட்டுவிடுங்கள். மணி தெரிகிற மாதிரி ஒரு கடிகாரம் வையுங்கள். "வலது காதில் பேசவும்" என்று கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள். நாங்கள் ஒட்டினோம், கட்டிலையும் திருப்பிப் போட்டார்கள்.

தெளிந்த பிறகு நடந்தது ஒன்று. ஆகஸ்ட் 12 காலையில் டாக்டர் "பாட்டி, இன்னைக்கு என்ன மாசம், என்ன தேதி?" என்று சோதித்தார். அம்மா யோசிக்காமல் "ஆடி இருபத்தேழு" என்றார். டாக்டர் என்னைப் பாவமாகப் பார்த்தார். நர்ஸ் மேசைக்கு மேலே தொங்கிய தினசரி காலண்டரில் பார்த்தால், ஆடி 27. டாக்டர் சிரித்துவிட்டார். அம்மாவும் சிரித்தார், ஒரு வாரத்தில் முதல் தடவையாக.

06.07.2025

டிஸ்சார்ஜ் தாள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாத்திரைக்கு எதிரே ஓடி என்றால் நாளுக்கு ஒரு தடவை, பிடி என்றால் இரண்டு, டிடிஎஸ் என்றால் மூன்று, எச்எஸ் என்றால் படுக்கும்போது, எஸ்ஓஎஸ் என்றால் தேவைப்பட்டால் மட்டும். 1-0-1 என்றால் காலை, ராத்திரி. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் எஸ்ஓஎஸ் போட்ட வலி மாத்திரையை ஆறு மாதம் தினமும் சாப்பிட்டார்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் நர்ஸிடம், "நான் புரிஞ்சுக்கிட்டதைத் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க" என்று சொல்லி ஒவ்வொரு மாத்திரையாகச் சொல்லுங்கள். எதை நிறுத்த வேண்டும் என்பதைக் கட்டாயம் கேளுங்கள். நாங்கள் விழுந்த குழி அதுதான்.

கேஸ் ஷீட்டின், அதாவது ஆஸ்பத்திரியில் எழுதி வைக்கிற சிகிச்சைக் குறிப்பின், நகல் கேட்பது உங்கள் உரிமை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளிலேயே இருக்கிறது: நோயாளியோ அவர் அனுமதித்த உதவியாளரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். சண்டைக்கு என்றில்லை, அடுத்த டாக்டரிடம் காட்டத்தான். எழுத்தில் கேளுங்கள்.

எங்கள் ஊரில் மக்களைத் தேடி மருத்துவத்தில் வருகிற அம்மணி மாத்திரை கொடுக்கும்போதே பழைய அட்டையை எண்ணிப் பார்க்கும். மிச்சம் இருந்தால் ஏன் என்று கேட்கும். 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் வந்தபோது நான் பெரிதாக நினைக்கவில்லை. மஞ்சப்பை விஷயத்துக்குப் பிறகு அந்த எண்ணிக்கையின் அருமை தெரிகிறது. உங்கள் ஊரில் வருகிறவரிடம் வெளி டாக்டர் எழுதியதையும் காட்டுங்கள்.

13.07.2025

தாராபுரத்து வாசகர் ஒருவர் தனியாகக் கேட்டார். அவர் அம்மாவுக்குப் புற்றுநோய், அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டார்களாம். சரியா தப்பா?

என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. எங்கள் பெரியப்பாவுக்கு அல்சர் என்று சொல்லி எட்டு மாதம் வைத்திருந்தோம். டாக்டர், நர்ஸ், பேரப்பிள்ளைகள் வரை எல்லோரையும் பொய்யில் சேர்த்தோம். கடைசி வாரம் என்னிடம் சொன்னார்: "எனக்குத் தெரியும் அம்மணி. நீங்க வெசனப்படுவீங்கன்னுதான் நானும் கேக்கல." காடு யாருக்கு, கடன் யாரிடம் என்றெல்லாம் அவர் பேச நினைத்தது அப்படியே போயிற்று. உங்கள் அம்மாவிடம் ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள்: "உங்க வியாதியைப் பத்தி டாக்டர் உங்ககிட்டச் சொல்லட்டுமா, எங்ககிட்டச் சொல்லட்டுமா?" முடிவு அவருடையதாக இருக்கட்டும்.

14.07.2025

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். தீர்ப்புச் சொல்ல முடியவில்லை என்றேன். இல்லை, சொல்ல முடியும். பெரியப்பாவிடம் மறைத்தது தப்பு.

03.08.2025

ஆடிப் பதினெட்டு. அம்மா இந்த வருடமும் கொடுமுடி போனார். பையில் மாத்திரைப் பட்டியல் எழுதிய தாள் இருக்கிறது.

11.08.2025

இன்று மாதச் செக்கப். சோடியம் 138. பழக்கதோஷம், டாக்டர் "என்ன பண்ணுதுங்க?" என்று கேட்டதும் நான் வாயைத் திறந்தேன். அம்மா என் முழங்கால் மேல் கையை வைத்து அழுத்தினார். நான் நிறுத்திக்கொண்டேன்.

"சடவாத்தான் இருக்குதுங்க" என்றார் அம்மா.

புது டாக்டர். "சடவுன்னா என்னங்கம்மா?"

அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, வலது காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு, சடவு என்றால் என்ன, காலையில் எப்படி, பொழுது சாயும்போது எப்படி என்று சொல்ல ஆரம்பித்தார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.